பெயரை மறைக்காத காலண்டர்

நான் கூலி வாங்கிக்கொண்டு செய்த முதல் இணையதளம் ஒரு பெண் மருத்துவரின் கிளினிக்குக்காக. 2013ஆம் வருடம். அப்போது நான் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரு செல்போன் தொழிற்சாலையில் ஆபரேட்டர். லைனில் என் இடத்துக்கு வரும் ஒவ்வொரு போனுக்கும் பின்மூடியைப் பொருத்தி, நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து அடுத்தவளிடம் தள்ள வேண்டும். டிப்ளமோ படித்துவிட்டு இதற்குத்தானா வந்தோம் என்ற அரிப்பு எனக்கு இருந்துகொண்டே இருந்தது. வார விடுமுறையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் இணையதளம் செய்யக் கற்றுக்கொண்டேன். பழைய லேப்டாப் ஒன்றும் வாங்கியிருந்தேன். லைனில் யாராவது கேட்டால், ‘வெப் டிசைனிங் பண்றேன், இது சும்மா கொஞ்ச நாளைக்கு’ என்று சொல்லிக்கொள்வேன்.

பென்னலூரில் ஒரே அறையில் நாங்கள் நான்கு பேர். நான் செய்யாற்றுப் பக்கத்துக்காரி. மற்ற மூவரும் தெற்கத்திப் பெண்கள். அவர்களில் சின்னவளுக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம், இருபது வயது. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட நாங்கள் ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டதுதான் அதிகம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவளுடைய அண்ணன் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தான். படப்பையில் நண்பர்களோடு அறை எடுத்திருந்தான். மாதம் ஒருமுறை வந்து வாசலில் நின்றபடியே தங்கையிடம் பேசிவிட்டுப் போவான். உள்ளே வரச் சொன்னால் கூச்சத்தில் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டான்.

கிளினிக் சாயங்காலம் மட்டும்தான் திறந்திருக்கும். மருத்துவர் தாம்பரத்திலிருந்து காரில் வருவார். தொழிற்சாலைப் பெண்கள் முழுக்க அங்கேதான் போவோம். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். அதற்குள் கம்பெனி பஸ் போய்விடும், அன்றைய சம்பளமும் போய்விடும். எனக்கே ஒருமுறை அப்படிப் போனது. அந்தக் கோபத்தில்தான் அடுத்த முறை மருத்துவரிடம் சொன்னேன். போனிலேயே நேரம் பார்த்துப் பதிவு செய்கிற மாதிரி ஒரு காலண்டர் வைத்தால், அவரவர் ஷிஃப்ட்டுக்குத் தகுந்த மாதிரி வந்து போவார்களே என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

“சென்னையில ஒரு கம்பெனில கேட்டேன். ரொம்ப சொல்றாங்க. நீ ஃபேக்டரியிலதானே இருக்க? உனக்கு இதெல்லாம் வருமா?”

“வரும் மேடம். அவங்க கேட்டதுல பாதிகூட வேணாம்.”

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் ‘உனக்கு இதெல்லாம் வருமா’ என்பது எனக்குச் சுருக்கென்று தைத்தது. வரும் என்று காட்டியே ஆக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

தளம் கட்டுவது பெரிய வேலையாக இல்லை. முகப்பில் ஒரு படம், மருத்துவரின் படிப்பு, கிளினிக் நேரம், வழி. காலண்டருக்குத்தான் நான் ப்ளகின் தேடினேன். ஏற்கனவே யாரோ எழுதி வைத்திருக்கும் சின்ன மென்பொருள் அது. இறக்கி நம் தளத்தில் மாட்டிக்கொண்டால் காலண்டர் வந்துவிடும். நான்கைந்து ப்ளகின்களைப் போட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. காலியாக இருக்கும் நேரம் பச்சையாகவும் பதிவான நேரம் சிவப்பாகவும் தெரியும்.

அந்த ப்ளகினின் பக்கத்தில் ஒரு அட்டவணை இருந்தது. இலவசத்தில் என்னென்ன கிடைக்கும், காசு கட்டினால் என்னென்ன கிடைக்கும் என்று இரண்டு பத்திகள். இருப்பதற்கு டிக், இல்லாததற்குச் சிவப்பில் பெருக்கல் குறி. முந்தின நாளே எஸ்.எம்.எஸ். அனுப்பி ஞாபகப்படுத்துவது, பதிவை ரத்து செய்வது, ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவர்களைச் சேர்ப்பது, இதெல்லாம் காசுக்கு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது நமக்கு வேண்டாம், இதுவும் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு வரி இருந்தது. பதிவு செய்தவரின் விவரங்களை மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைக்கும் வசதி. இலவசப் பத்தியில் அதற்கும் பெருக்கல் குறிதான்.

அந்த வரியை நான் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. படித்தேன். சோதித்தும் பார்த்தேன். என் பெயரைப் போட்டு, காரணம் என்ற கட்டத்தில் ‘காய்ச்சல்’ என்று எழுதிப் பதிவு செய்தேன். பிறகு தங்கச்சியின் போனை வாங்கி அதில் தளத்தைத் திறந்தேன். சிவப்புக் கட்டத்தின் மேல் விரலை வைத்ததும் சின்னப் பெட்டி ஒன்று எழும்பியது. அதில் என் பெயர், கீழே காய்ச்சல்.

காசு கட்டலாம் என்றால் டாலரில் கட்ட வேண்டும், அதற்குக் கிரெடிட் கார்டு வேண்டும். என்னிடம் இருந்த சம்பளக் கணக்கு அட்டையை அந்தப் பக்கம் ஏற்கவில்லை. மருத்துவரிடம் கட்டாயம் கார்டு இருந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் பாதிகூட வேண்டாம் என்று வாய்விட்ட பிறகு, இதற்குத் தனியாகக் கட்டுங்கள் என்று போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. நம் பெண்கள் என்ன எழுதப்போகிறார்கள், காய்ச்சல், தலைவலி, இதை யார் தொட்டுத் தொட்டுப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தளத்தைக் காட்டிய அன்று மருத்துவர் கேட்டார்.

“இதுல பின்னாடி வேற ஏதாவது செலவு வருமா?”

“இல்ல மேடம். நமக்கு வேண்டியதெல்லாம் ஃப்ரீயிலயே இருக்கு.”

கிளினிக்கில் டோக்கன் கொடுப்பதற்கு ஒரு அக்கா இருந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபிறகு கணவர் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி, இவர் இங்கே. வரும் பெண்களையெல்லாம் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். தினமும் கிளினிக் கம்ப்யூட்டரில் தளத்தைத் திறந்து அன்றைய பதிவுகளை நோட்டில் எழுதிக்கொள்வது அவர் வேலையாயிற்று. மவுஸைப் பிடிக்கவே பயந்தார்.

“இன்னா பாப்பா, இத்த அழுத்தினா எதுனா ஆயிடப்போவுது.”

“ஒண்ணும் ஆகாதுக்கா. நீங்க தேதிய மட்டும் பாருங்க, வேற எதையும் தொட வேணாம்.”

ஒரு வாரத்தில் பழகிவிட்டார். கூட்டம் குறைந்தது. பெண்கள் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனார்கள். லைனில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. சூப்பர்வைசர்கூட, ‘அந்த வெப்சைட் நீ பண்ணதாமே’ என்று கேட்டார். நான்கைந்து மாதம் அந்தப் பெருமையிலேயே கழிந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது தங்கச்சி என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

“யக்கா, எனக்கு மூணு மாசமா வரல. ஊர்ல சொன்னா அம்மா பயந்துரும். என்ன செய்யன்னு தெரியல.”

வாராவாரம் ஷிஃப்ட் மாறுவதில் லைனில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருந்தது. அது எங்களுக்குள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். டாக்டரைப் பார்த்தால் மாத்திரை கொடுப்பார், சரியாகிவிடும் என்றேன். நேரில் போய் டோக்கன் வாங்கட்டுமா என்று கேட்டாள். எதற்கு, நான் செய்த காலண்டர் இருக்கிறதே என்று அவள் போனை வாங்கி நானே திறந்துகொடுத்தேன். பெயரை அடித்தாள். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டாள்.

“இதுல என்னத்தக்கா போட?”

“என்கிட்ட சொன்னத அப்படியே போடு. டாக்டர் முன்னாடியே பாத்து வெச்சுப்பாங்க. நீ அங்க போய் வாயத் தொறந்து சொல்ல வேண்டியதில்ல.”

“வேற யாரும் பாக்க மாட்டாவல்லா?”

“டாக்டர் மட்டும்தான்.”

இதை நான் சொன்னேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அந்த நேரத்தில் என் காலண்டரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அவள் நிம்மதியாக, ‘மூணு மாசமா பீரியட் வரல’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தாள்.

போனாள், பார்த்தாள். நாங்கள் நினைத்த மாதிரியேதான், பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். திரும்பி வரும்போது எல்லோருக்கும் பப்ஸ் வாங்கி வந்தாள்.

நான்கு நாள் கழித்து லைனில் ஒரு பெண் தன் தோழிக்குப் போனைக் காட்டிச் சிரிப்பதைப் பார்த்தேன். இடைவேளையில் இன்னும் சிலர். கேன்டீனில் தங்கச்சி தட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது ஒரு மேசையே பேச்சை நிறுத்தியது. யாரோ நேரம் பார்க்கத் தளத்தைத் திறந்து, சிவப்புக் கட்டங்களைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதைப் படம் பிடித்து இன்னொருத்திக்கு அனுப்பியிருக்கிறார்கள். கல்யாணமாகாத பெண், பெயர், மூன்று மாதம். அவர்களுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. அந்தப் படம் ஒரகடம் வரைக்கும் போய், அவள் ஊர்க்காரப் பையன் ஒருவன் மூலமாக அண்ணன் கைக்கு வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வந்தான். தங்கச்சி குழாயடியில் யூனிஃபார்ம் துவைத்துக்கொண்டிருந்தாள். அவன் வழக்கம்போல வாசலில்தான் நின்றான். போனை நீட்டினான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தவள், முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள். கோபத்தில் பார்க்கவில்லை. இது எப்படி அங்கே போனது என்று எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் பார்த்தாள். நான் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

“அண்ணே, அது அப்டியில்ல. டாக்டரே சொல்லிட்டாவ, மாத்திரை தின்னா சரியாயிரும்னு. வேணும்னா சீட்ட பாரு.”

“நான் உன்ன நம்புதேன்ட்டி. ஊர்ல நாலு பேரு கேட்டா இந்தச் சீட்டத் தூக்கிக் காட்டவா சொல்லுத?”

சொல்லும்போதே அவன் குரல் உடைந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் அவனிடம் சொல்லியிருக்கலாம். தம்பி, இது அவள் தப்பில்லை, அப்படி எழுதச் சொன்னதே நான்தான், இந்த மாதிரி லைனில் பாதிப் பேருக்கு இருக்கிறது என்று. பெரியவள் நான். நான் சொன்னால் காது கொடுத்துக் கேட்டிருப்பான். துணியை மடித்துக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போனான். துவைத்த யூனிஃபார்மை ஈரத்தோடு வாளியிலேயே விட்டுவிட்டுப் போனாள். கணக்கு முடிக்கக்கூட அவள் தொழிற்சாலைக்குத் திரும்பி வரவில்லை.

ஊருக்கு பஸ் ஏறும் முன் அவன் கிளினிக் மருத்துவருக்கும் போன் செய்து கத்தியிருக்கிறான். மறுநாள் மருத்துவர் என்னை வரச் சொன்னார். நான் உள்ளே போனபோது டோக்கன் அக்கா மேசைக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார். கம்ப்யூட்டரில் அந்தச் சின்னப் பெட்டி திறந்தே இருந்தது.

“இது எப்படி வெளிய தெரியுது?” என்றார் மருத்துவர். “நீ செஞ்சதிலேயே அப்படித்தானா, இல்ல இவங்க ஏதாவது அழுத்திட்டாங்களா?”

பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அட்டவணை கண்முன்னால் வந்தது. ஃப்ரீயிலயே எல்லாம் இருக்கு என்று அதே இடத்தில் நின்று சொன்னதும் ஞாபகம் வந்தது.

“செட்டிங் ஏதாவது மாறியிருக்கும் மேடம். தெரியாம கை பட்டிருக்கும்.”

“நான் இன்னாத்த மாத்தினேன்? எனுக்கு அதுல தேதி பாக்க மட்டுந்தாம்மா தெரியும்” என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, “நீ சொன்னதத் தவிர வேற எத்தயும் நான் தொட்லியே பாப்பா” என்றார்.

“தெரியாம பட்டிருக்கும்க்கா” என்றேன் மறுபடியும்.

காலண்டரைப் பத்து நிமிடத்தில் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கிளினிக் போன் நம்பரைப் போட்டேன். உடனே வந்து சரிசெய்ததற்கு மருத்துவர் எனக்கு நன்றி சொன்னார். அடுத்த வாரம் போனபோது டோக்கன் மேசையில் வேறொரு பெண் இருந்தாள். அக்காவை நிறுத்திவிட்டதாகச் சொன்னாள்.

அறையில் மற்ற இருவரும் கொஞ்ச நாள் தங்கச்சியைப் பற்றிப் பேசினார்கள். அவள் எண்ணுக்குக் கூப்பிட்டால் அணைத்து வைத்திருப்பதாகவே வந்தது. நானும் கூப்பிட்டேன். எனக்கும் அப்படியே வந்ததும் உள்ளுக்குள் ஒரு ஆறுதல் வந்ததை இப்போது மறைக்க விரும்பவில்லை.

அடுத்த வருடம் எங்கள் தொழிற்சாலையில் லைன்களைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள், ஒருநாள் எங்களையும் அனுப்பினார்கள். எனக்குச் சென்னையில் இணையதளம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் நான் காட்டிய முதல் வேலை அந்த கிளினிக் தளம். அங்கே ஒரு பல் மருத்துவமனைக்குக் காலண்டர் வைக்கச் சொன்னபோது, அதே ப்ளகின் மறுபடியும் என் முன்னால் வந்தது. இதற்குக் கட்டாயம் காசு கட்டித்தான் ஆக வேண்டும், பெயர் வெளியே தெரியும் என்று அவசரமாகச் சொன்னேன். பக்கத்து இருக்கைக்காரர் என் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். காரணம் கேட்கும் கட்டம் வேண்டாமென்றால் செட்டிங் பக்கத்தில் ஒரு டிக்கை எடுத்தால் போதும், அது இலவசத்திலேயே உண்டு என்று எடுத்துக் காட்டினார். பெயர் என்ற இடத்தில் டோக்கன் எண் என்று மாற்றிக்கொள்வதற்கும் காசு இல்லை. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கார்டு இல்லை, டாலர், வெட்கம் என்று இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிவந்த சமாதானம்கூட உண்மையில்லை. எதை இலவசமாக எடுத்துவிடலாம் என்று நான் தேடியே பார்க்கவில்லை.

2015இல், ஒரு உறவினர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் படப்பை போயிருந்தேன். திரும்பும்போது ஏறிய ஷேர் ஆட்டோவில் டோக்கன் அக்கா உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலை என்றார். என்னைப் பார்த்ததில் அவருக்குச் சந்தோஷம்தான்.

“நல்லா கீறியா பாப்பா? இப்ப எங்க கீற?”

இறங்கியதும் அவரை ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை படவே இல்லை, அது முதல் நாளிலிருந்தே அப்படித்தான், எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொன்னேன் என்று. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வேலை போனதைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“அப்ப நான் எத்தயும் அழுத்தலயா?”

“இல்லக்கா.”

“ரெண்டு வருசமா நாந்தான் இன்னாவோ அழுத்தி அந்தப் பொண்ணு வாழ்க்கையக் கெடுத்துட்டேன்னு நெனச்சிக்கினு கீறேன். வூட்டுல புள்ள புதுசா ஒரு போன் வாங்கிக் குட்த்தான். பயந்துக்கினு அத்தக்கூட நான் தொடல.”

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“அந்தப் பொண்ணு இப்ப நல்லா கீதா?”

“தெரியலக்கா.”

“தெரியலயா?” என்றார். “மொதல்ல அத்தப் போய்க் கேளு.” அதற்கு மேல் என்னோடு பேசாமல் நடந்துவிட்டார்.

அந்த வாரமே மருத்துவரைப் போய்ப் பார்த்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். “என்கிட்ட கார்டு இருந்ததே, கேட்டிருக்கலாமே” என்றார். அக்காவை மறுபடி கூப்பிடுவாரா என்று கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த நோயாளியை உள்ளே வரச் சொல்லிவிட்டார்.

தங்கச்சியின் புதிய எண்ணைப் பழைய அறைத்தோழி ஒருத்தி தேடிக் கொடுத்தாள். ராஜபாளையத்தில் கல்யாணம் செய்து கொடுத்திருக்கிறார்களாம். கூப்பிட்டேன். என் குரலை உடனே கண்டுகொண்டாள்.

“யக்கா! எப்டிக்கா இருக்கிய? லைன்ல எல்லாரும் எங்க போயிட்டாவ?”

அவள் சிரித்தாள். “அந்த கிளினிக் காலண்டர் விஷயம் தங்கச்சி, அது உன் தப்பில்ல, நான்தான்” என்று ஆரம்பித்தேன்.

அவள் குரல் சட்டென்று தணிந்தது.

“யக்கா, அது வேண்டாம். பக்கத்துல மாமியா இருக்காவ. இங்க யாருக்கும் அது தெரியாது.”

பிறகு வேண்டுமென்றே சத்தமாக, “ஆமாக்கா, பொண்ணுதான். ஏழு மாசம் ஆவுது. நல்லா இருக்கா” என்றாள். நான் கேட்காத கேள்விக்குப் பதில். நானும் எதையோ கேட்டவள் மாதிரி, அப்படியா, சந்தோஷம் என்றேன். மாமியாருக்கு நான் யார் என்று சொல்லியிருப்பாளோ தெரியாது.

“வச்சிருதேன்க்கா, பிள்ள அழுது” என்றாள்.

குழந்தை அழும் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. சரி தங்கச்சி என்றேன்.